மாலகா கடற்கரையில் ஒரு வாரம்: கோஸ்டா டெல் சோலை ஊர்க்காரர்களின் நேரத்தில் அனுபவிக்க முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் தென் ஸ்பெயினின் மாலகா நகரத் தெருவில் பகல் 12 மணிக்கு நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது இன்னும் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும். சூரியன் உச்சிக்கு வர இரண்டேகால் மணி நேரம் பாக்கி இருக்கிறது. மாலகா இருப்பது லண்டனுக்கும் மேற்கே. ஆனால் அங்கே ஓடும் கடிகாரம் பெர்லின் நேரத்தைக் காட்டுகிறது. 1940ல் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், பிறகு திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் அதன் மேல் இன்னொரு மணி நேரமும் சேர்ந்துகொள்கிறது.

அதனால்தான் அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. சூரியனைக் கேட்டால் அது சரியான நேரம்தான். இது தெரியாமல் போகிறவர்கள் 12 மணிக்குப் பசியோடு அலைந்து, மூன்று மணிக்குக் கடற்கரையில் வெந்து, ஆறரைக்கு இரவுச் சாப்பாடு தேடி, ஊர் முழுக்க வீதிக்கு வரும் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறார்கள். முதல் முறை போனபோது என் இரண்டு நாள் இப்படித்தான் போனது. மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊரைப் பார்க்க ஆரம்பித்தேன், அப்புறம்தான் எல்லாம் கூடி வந்தது. கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்த நேரக் கணக்கோடு சேர்த்தே படியுங்கள்.

படி 1: எந்த மாதம் போவது

கோஸ்டா டெல் சோல் என்றால் 'சூரியக் கடற்கரை'. தென் ஸ்பெயினில், ஆண்டலூசியா மாநிலத்தின் மாலகா மாவட்டக் கரை இது. கிழக்கே நெர்ஹாவில் தொடங்கி, நடுவில் மாலகா நகரம், மேற்கே டோரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலா, மார்பேயா, எஸ்டெபோனா என்று நீளும். வடக்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று குளிர்காற்றை மறித்துவிடுவதால், ஜனவரியிலும் பகலில் வெளியே உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

என் முதல் தேர்வு மே கடைசி முதல் ஜூன் முடிய. அடுத்தது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஆகஸ்டில் திருவிழா இருக்கிறது, கூடவே கூட்டமும் விலையும் இருக்கின்றன. வெயில் நமக்குப் பழகியதுதான், சராசரிப் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் 'தெர்ரால்' என்று ஒரு காற்று இருக்கிறது. நிலப்பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடேறி, ஒரே நாளில் 40 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். அன்றைக்கு ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருப்பார்கள். நீங்களும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள்.

கடல் நீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வங்கக் கடல் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும் என்று நினைத்து இறங்கினால் உடம்பு சிலிர்த்துவிடும். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் தண்ணீர் உள்ளே வருவதால், ஆகஸ்டில்கூட 22, 23 டிகிரிதான். குளிர்காலத்தில் 15, 16. நீந்துவதுதான் முக்கியம் என்றால் ஜூலை நடு முதல் செப்டம்பர் வரை போங்கள்.

படி 2: விசா, போய்ச் சேர்வது, தங்குவது

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு நேர ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே போடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான காப்பீடு கட்டாயம். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

மாட்ரிட்டில் இறங்கினால் அங்கிருந்து அதிவேக ரயிலில் மாலகாவுக்கு இரண்டரை மணி நேரம் அளவுக்குத்தான். விமானம் மாறி நேராக மாலகா விமான நிலையத்துக்கே வருவதும் வசதிதான், ஏனென்றால் விமான நிலையத்துக்குள்ளிருந்தே 'செர்க்கனியாஸ்' புறநகர் ரயில் கிடைக்கிறது. ஒரு பக்கம் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மாலகா நகரம், மறுபக்கம் போனால் டோரெமோலினோஸ், பெனால்மாதெனா வழியாக ஃபுவென்ஹிரோலா. ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒன்று. இந்தத் தடம் ஃபுவென்ஹிரோலாவோடு நின்றுவிடுகிறது. மார்பேயாவுக்கும் நெர்ஹாவுக்கும் ரயிலே கிடையாது, பேருந்துதான். இதைக் கவனிக்காமல் மார்பேயாவில் அறை எடுத்துவிட்டு தினமும் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்கள் நிறைய.

எங்கே தங்குவது? தயங்காமல் சொல்வேன், மாலகா நகரத்தில். பெரும்பாலானவர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் மேற்கே ஓய்வு விடுதிகளுக்குப் போய்விடுகிறார்கள். கலையும் சாப்பாடும் மாலை நேரமும் இருப்பது நகரத்தில். ஏழு நாள் இருந்தால் ஐந்து இரவு மாலகாவில், இரண்டு இரவு நெர்ஹாவில். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் டோரெமோலினோஸின் லா கரிஹுவேலா பகுதி நல்லது. பழைய மீனவர் குப்பம், ரயிலும் பக்கம், மணலும் பக்கம்.

அறை எடுக்கும்போது சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடுகளைத் தவிர்த்து, ஹோட்டலோ 'ஹோஸ்தால்' எனப்படும் சிறு குடும்ப விடுதியோ பாருங்கள். நகர மையத்தில் அப்படிப்பட்ட வீடுகள் பெருகி, ஊர்க்காரர்கள் சொந்தத் தெருவிலேயே குடியிருக்க முடியாமல் வெளியேறுகிறார்கள். 2024ல் ஆயிரக்கணக்கானவர்கள் இதற்காக மாலகாவில் ஊர்வலம் போனார்கள். நாம் ரசிக்கப் போவது அவர்களுடைய வாழ்க்கையை. அவர்கள் அங்கே இருந்தால்தானே அது இருக்கும்?

படி 3: உங்கள் நாளை மாற்றிப் போடுங்கள்

கோடை நாள் ஒன்று எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறேன். காலை ஒன்பதுக்குக் காபி. மாலகாவில் காபிக்குத் தனி மொழி உண்டு. பால் எவ்வளவு, டிகாக்‌ஷன் எவ்வளவு என்பதைப் பொறுத்துப் பத்துப் பெயர்கள். 'சோலோ' என்றால் பால் இல்லாதது, 'மித்தாத்' பாதிக்குப் பாதி, 'சோம்ப்ரா' என்றால் நிழல், அதாவது பாலின் மேல் கொஞ்சம் காபி. 'நுபே' என்றால் மேகம், பாலில் ஒரு சொட்டு விட்ட மாதிரி. பத்தாவது பெயருக்கு 'எனக்கு வேண்டாம்' என்று பொருள், வெறும் டம்ளர். அரசியல் சாசனச் சதுக்கத்தில் இருந்த கஃபே சென்ட்ரல் என்ற கடையில் 1950களில் இந்தப் பட்டியல் பிறந்தது. கடை 2022ல் மூடிவிட்டார்கள், பெயர்கள் மட்டும் ஊர் முழுக்கப் புழங்குகின்றன. கூடவே வாட்டிய ரொட்டி மேல் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தருவார்கள். எண்ணெயைத் தாராளமாக விட்டுக்கொள்ளுங்கள், அந்த மண்ணின் எண்ணெய் அது.

பத்து முதல் ஒன்றரை வரை சுற்றிப் பார்க்கும் நேரம். இரண்டு, இரண்டரைக்கு மத்தியானச் சாப்பாடு. அன்றைக்குப் பெரிய சாப்பாடு இதுதான். வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். முதல் பதார்த்தம், இரண்டாவது, இனிப்பு அல்லது காபி எல்லாம் சேர்த்து ஒரே விலை, பெரும்பாலும் 15 யூரோவை ஒட்டி. சாப்பிட்டதும் எழுந்து ஓடாதீர்கள். சாப்பிட்ட மேஜையிலேயே உட்கார்ந்து பேசுவதற்கு அவர்கள் 'சோப்ரெமேசா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

பிறகு தூக்கம். சின்னக் கடைகள் இரண்டு முதல் ஐந்து வரை பூட்டியிருக்கும், நீங்கள் வெளியே போயும் பயனில்லை. ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்புங்கள். ஜூனில் சூரியன் மறைய ஒன்பதரையைத் தாண்டிவிடும், ஆக மூன்று மணி நேரத்துக்கும் மேல் தங்க வெளிச்சம் உங்களுக்கு. ஒன்பதரைக்கு இரவுச் சாப்பாடு, லேசாக. பதினொன்றுக்கு நடை. தள்ளுவண்டியில் கைக்குழந்தை, பக்கத்தில் தாத்தா பாட்டி, எல்லோரும் தெருவில் இருப்பார்கள்.

படி 4: கடற்கரையில் மத்தி மீன்

மாலகா நகரின் கிழக்கு ஓரத்தில் பெத்ரெகலேஹோ, எல் பாலோ என்று இரண்டு பழைய மீனவர் பகுதிகள். நகரப் பேருந்திலேயே போய்விடலாம். ஒரு பக்கம் தாழ்ந்த பழைய மீனவர் வீடுகள், இன்னொரு பக்கம் மணல், நடுவில் நடைபாதை. கரையில் 'ஹாபெகா' என்ற நீளமான துடுப்புப் படகுகளைப் பார்ப்பீர்கள். முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும். ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரை நிறுவிய, கடல் வணிகர்களான ஃபினீசியர்களிடமிருந்து வந்த வழக்கம் என்று சொல்கிறார்கள். கோடையில் இந்தப் படகுகளுக்குப் பந்தயமும் உண்டு.

கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு 'சிரிங்கீட்டோ' என்று பெயர். அதன் முன்னால், பழைய படகு ஒன்றை மணலால் நிரப்பி அதில் ஆலிவ் விறகு எரித்துக்கொண்டிருப்பார்கள். 'எஸ்பேட்டோ' தயாராவது அங்கேதான். சாப்பிட உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தப் படகின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

மீன் சுடுபவர் நாணல் தட்டையைக் கத்தி மாதிரிச் சீவி முனை தீட்டியிருப்பார். கையில் மத்தி மீன். குடலை எடுப்பதில்லை, செதிலையும் சுரண்டுவதில்லை. தட்டையை நடு முள்ளுக்கு அடியில் வயிற்றுப் பக்கமாக நுழைப்பார். முள் தட்டையின் மேல் உட்கார வேண்டும். முள்ளுக்கு மேலே குத்தினால் மீன் வெந்ததும் சதை கிழிந்து மணலில் விழுந்துவிடும். ஆறு மீன் வரிசையாகக் கோத்து, கல்லுப்பைத் தூவி, தணலுக்குப் பக்கத்தில் மணலில் சாய்வாக ஊன்றுவார். தீ நாக்கு மீனைத் தொடக்கூடாது, சூடு மட்டும் போய்ச் சேர வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் ஊன்றுவதே. ஒரு பக்கம் தோல் பொன்னிறமாகி எண்ணெய் கசிந்ததும் ஒரே ஒரு முறை திருப்பல். அவ்வளவுதான். எலுமிச்சை வேண்டுமானால் பிழிந்துகொள்ளலாம், மசாலா ஒன்றும் கிடையாது. தேவையும் இல்லை, மீன் அன்றைக்குக் காலையில் கடலில் இருந்தது.

இதைக் கையால்தான் சாப்பிட வேண்டும். 1884 கிறிஸ்துமஸ் நாளில் இந்தப் பகுதியைப் பெரிய பூகம்பம் தாக்கியது. அடுத்த மாதம் பாதிப்பைப் பார்க்க வந்த பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ அரசர் எல் பாலோவில் மிகேல் மார்ட்டினெஸ் என்பவரின் கடையில் மத்தி சாப்பிட உட்கார்ந்து கத்தியும் முள்கரண்டியும் எடுத்தாராம். "அரசே, அப்படியில்லை, விரலால்" என்று மிகேல் திருத்தினார் என்று ஊரில் சொல்வார்கள்.

பெயரில் 'ர' எழுத்து வராத மாதங்களில் மத்தி ருசி என்பது அவர்கள் கணக்கு. ஸ்பானிய மொழியில் மே முதல் ஆகஸ்ட் வரைதான் அப்படிப்பட்ட மாதங்கள். அப்போதுதான் மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும். எல் பாலோவில் எல் தின்டேரோ என்று ஒரு கடை இருக்கிறது, பட்டியலே கிடையாது. பரிமாறுபவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மீன் பெயரைக் கூவிக்கொண்டே வருவார்கள், வேண்டியதைக் கை காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் காலித் தட்டை எண்ணிக் கணக்கு. குடும்பமாகப் போனால் கட்டாயம் போங்கள்.

நீந்தும்போது கொடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கரையோரம் மட்டும், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. சில நாள் ஜெல்லி மீன் கரைக்கு வரும், தண்ணீரிலிருந்து யாரும் சட்டென்று வெளியேறுவதைப் பார்த்தால் நீங்களும் வந்துவிடுங்கள். மணல் கறுப்புச் சாம்பல் நிறம், மத்தியானத்தில் கால் வைக்க முடியாது.

படி 5: மற்ற சாப்பாடு, சைவம் உட்பட

மாலகாக்காரர்களை மற்ற ஊர்க்காரர்கள் 'போக்கெரோனெஸ்' என்று கூப்பிடுவார்கள். நெத்திலி இனத்து மீனின் பெயர் அது, அவர்களுக்கும் அதில் பெருமைதான். மாவில் புரட்டிப் பொரித்தும் தருவார்கள், காடியில் ஊறவைத்துப் பூண்டும் பார்ஸ்லியும் தூவியும் தருவார்கள். காலையில் அட்டராசானஸ் சந்தைக்குப் போனால் பனிக்கட்டி மேல் வெள்ளி வெள்ளியாகக் கிடக்கும். அந்தச் சந்தையின் பெரிய வாசல் வளைவு, ஒரு காலத்தில் அங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்துக் கப்பல் கட்டும் தளத்தின் வாசல். ஞாயிறு விடுமுறை, மற்ற நாள் மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள்.

சைவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். 'கறி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைத் துண்டும் சூரை மீனும் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள், அவர்கள் பேச்சில் அவை 'கறி' கணக்கில் வராது. அதனால் 'சின் ஹமோன், சின் அத்தூன்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். பன்றித் தொடையும் வேண்டாம், சூரையும் வேண்டாம் என்று பொருள். தைரியமாகக் கேட்கக்கூடியவை: உருளைக்கிழங்கு முட்டை அடை ஆகிய தோர்த்தியா, காய்கறிக் கூட்டு மாதிரியான பிஸ்தோ, கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தரும் பெரென்ஹேனாஸ் கோன் மியெல்.

எல்லாவற்றுக்கும் மேல் அஹோபிளாங்கோ. பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காடி, தண்ணீர் எல்லாம் அரைத்துக் குளிரவைத்த வெள்ளை நிறச் சாறு, மேலே பச்சைத் திராட்சை மிதக்கும். அமெரிக்காவிலிருந்து தக்காளி வருவதற்கு முன்பிருந்த பழைய சமையல் இது. ஜூலை மத்தியானத்தில் ஒரு கிண்ணம் உள்ளே போனால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடும்.

மது அருந்துகிறவர்களுக்கு ஒரு இடம்: அலமேதா பிரின்சிபால் சாலையில் 1840 முதல் நடக்கும் அந்திகுவா காசா தெ குவார்தியா. பின்னால் வரிசையாக மரப் பீப்பாய்கள். நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும். எவ்வளவு ஆயிற்று என்பதைச் சாக்பீஸால் உங்கள் முன்னால் மரப்பலகையிலேயே எழுதிக்கொண்டே வருவார்கள். மஸ்கத்து திராட்சையின் இனிப்பு ஒயின் அந்த மாவட்டத்தின் பெயர் பெற்ற சரக்கு.

படி 6: மாலகா நகரத்தைப் பார்க்கும் வரிசை

முதல் நாள் காலை அல்கசாபா. 11ஆம் நூற்றாண்டு மூர் கோட்டை அரண்மனை. அடிவாரத்தில் ரோமானிய அரங்கம் ஒன்று திறந்த வெளியில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து 1951ல்தான் வெளியே தெரிந்தது, பார்க்கக் கட்டணம் இல்லை. அல்கசாபாவில் அரங்கத்தின் ரோமானியத் தூண்களையே எடுத்து வளைவுகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், போகும்போது கவனியுங்கள். மேலே ஏறினால் ஹிப்ரால்ஃபாரோ கோட்டை. ஏற்றம் செங்குத்து, காலையிலேயே முடித்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டுக்கு மேல் இரண்டு கோட்டைக்கும் இலவசம்.

பிக்காசோ பிறந்தது இந்த ஊரில்தான், 1881 அக்டோபர் 25ஆம் தேதி, மெர்சேத் சதுக்கத்தில். பிறந்த வீட்டையும் பார்க்கலாம். 2003ல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகம் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய மாளிகையில் இருக்கிறது. ஞாயிறு கடைசி இரண்டு மணி நேரம் கட்டணம் இல்லை, ஆனால் வரிசை நீளும். நான் காசு கொடுத்து வாரநாள் மாலையில் போகச் சொல்வேன். அமைதியாக ஒரு ஓவியத்தின் முன் நிற்பதற்கு அந்தக் காசு தகும்.

தேவாலயத்தை ஊர்க்காரர்கள் 'லா மான்கீட்டா' என்பார்கள், ஒரு கை இல்லாதவள் என்று அர்த்தம். 1528ல் தொடங்கிய கட்டடம் 1782ல் காசில்லாமல் நின்றுபோனது. வடக்குக் கோபுரம் முடிந்தது, தெற்குக் கோபுரம் பாதியில் நிற்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலகா அருங்காட்சியகம் இருக்கிறது. ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு ஒன்றரை யூரோதான், தொல்பொருளும் 19ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் சேர்ந்த நல்ல இடம். இது திங்கள் விடுமுறை.

படி 7: மாலை, மல்லிகை, பாட்டு

லாரியோஸ் தெருவில் கோடை மாலையில் ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி. கையில் சப்பாத்திக்கள்ளியின் தடித்த மடல் ஒன்று, அதில் வரிசையாகக் குத்தி வைத்த வெள்ளைப் பூப் பந்துகள். அந்தப் பந்துக்கு 'பிஸ்நாகா' என்று பெயர். மல்லிகை.

பிஸ்நாகா செடியில் பூப்பதில்லை, கட்டுவது. சீரகம், கொத்தமல்லி இனத்துக் காட்டுச் செடி ஒன்றின் குடை மாதிரியான பூத்தண்டைக் கோடைக்கு முன்பே வெட்டி, இலையைக் களைந்து, விறைப்பாகும்வரை காய வைப்பார்கள். மல்லிகையை மொட்டாக, வெயில் இருக்கும்போதே பறிக்க வேண்டும். பறித்ததும் குடையின் ஒவ்வொரு குச்சியிலும் ஒவ்வொரு மொட்டாகச் செருகுவார்கள். அப்போது பார்த்தால் முள் பந்து மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்ததும் அத்தனையும் ஒன்றாக விரிந்து வெள்ளை உருண்டையாகிவிடும். நமக்கு அந்த வாசனை புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, முன்பின் தெரியாத ஊரின் நடுத்தெருவில் அது முகத்தில் வந்து மோதும்போது கண் கலங்கிவிடுகிறது. ஒன்று வாங்கி அறையில் ஒரு டம்ளரில் வையுங்கள். கொசு வராது என்று அவர்களும் சொல்வார்கள்.

ஆண்டலூசியாவின் பாட்டும் ஆட்டமுமான ஃப்ளமென்கோ பார்க்க இரண்டு வழி. சுற்றுலாப் பயணிகளுக்கான மேடை 'தப்லாவோ', தினமும் நடக்கும், நல்ல கலைஞர்களும் ஆடுவார்கள். ரசிகர் சங்கம் 'பேனியா', அங்கே அவர்களுக்காகவே பாடுவார்கள். மாலகாவில் பேனியா ஹுவான் பிரேவா பழையது, சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பாட்டு நடக்கும்போது தாளம் தெரியாமல் கைதட்டாதீர்கள், அவர்கள் கைத்தட்டலே ஒரு வாத்தியம். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அடங்கிய குரலில் 'ஓலே' என்று விழும், அதைக் கேட்டுப் பழகுங்கள்.

இந்த மாவட்டத்துக்கே உரியது வெர்தியாலெஸ். மலைக் கிராமத்து விவசாயிகளின் பாட்டும் ஆட்டமும். வயலின், கித்தார்கள், பறை மாதிரி ஒரு பெரிய பாந்தேரோ, சின்ன ஜால்ரா. தலையில் பூவும் கண்ணாடிச் சில்லும் வண்ண நாடாவும் தொங்கும் தொப்பி. டிசம்பர் 28ஆம் தேதி மாலகாவின் புவெர்த்தோ தெ லா தோர்ரே பகுதியில் ஊர் ஊராகக் குழுக்கள் வந்து நாள் முழுக்க வாசிக்கும். குளிர்காலத்தில் போகிறவர்கள் இந்த ஒரு நாளுக்காகவே தேதியைத் தள்ளிப்போடலாம்.

படி 8: நகரத்தை விட்டு வெளியே

நெர்ஹாவுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 1959 ஜனவரியில் ஐந்து பையன்கள் அங்கே ஒரு குகையைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே 32 மீட்டர் உயரத்தில் ஒரு கல் தூண். தண்ணீர் சொட்டிச் சொட்டியே உண்டானது. காலை முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்து போங்கள். ஊருக்குள் 'ஐரோப்பாவின் பால்கனி' என்ற கடல் முனையில் மாலையில் நிற்கலாம், ஆனால் அதன் இரண்டு பக்கத்துச் சின்னக் கடற்கரைகளில் இறங்குவது இன்னும் நன்றாக இருக்கும்.

அங்கிருந்து 6 கிலோமீட்டர் மேலே ஃப்ரிஹிலியானா. வெள்ளைச் சுண்ணாம்பு வீடுகள், படிக்கட்டுத் தெருக்கள், தரையில் கூழாங்கல் கோலங்கள். படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள், எனக்கு அங்கே பிடித்தது வாசலில் இருக்கும் பழைய கரும்பாலை. மூர்கள் கொண்டுவந்த கரும்பு ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க விளைந்தது. இப்போது ஐரோப்பாவில் 'மியெல் தெ கான்யா' என்ற கரும்புப் பாகு காய்ச்சும் கடைசி ஆலை இது. கறுத்து, கெட்டியாக, லேசான கசப்போடு இருக்கும். கத்தரிக்காய்ப் பொரியலின் மேல் ஊற்றுவது இதுதான். பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வந்து தெருவை நிறைத்துவிடும். சுற்றியிருக்கும் அக்சார்கியா மலைச் சரிவுகளில் ஆகஸ்ட் கடைசியில் மஸ்கத்து திராட்சையை வெயிலில் பரப்பிக் காய வைத்திருப்பதைப் பார்க்கலாம். தெற்கு பார்த்த சரிவில் நீளப் பாத்திகள், ராத்திரி பனி படாமல் மூடுவார்கள், கையாலேயே திருப்பிப் போடுவார்கள்.

கமினீட்டோ டெல் ரேய் என்பது செங்குத்துப் பாறையின் மேல், ஆற்றுக்கு 100 மீட்டர் உயரத்தில் ஒட்டவைத்த நடைபாலம். நீர் மின் நிலையத் தொழிலாளர்களுக்காக 1901 முதல் 1905 வரை கட்டினார்கள். பாழடைந்து, ஆட்கள் விழுந்து இறந்து, மூடப்பட்டு, 2015ல் புதிதாகத் திறந்தது. மொத்தம் 7.7 கிலோமீட்டர், அதில் கமினீட்டோ பாதை 2.9 கிலோமீட்டர். ஒரே திசைதான், வடக்கிலிருந்து தெற்கே. மாலகாவிலிருந்து ரயிலில் எல் சோர்ரோ போய், அங்கிருந்து இணைப்புப் பேருந்தில் வடக்கு வாசலுக்குப் போக வேண்டும், நடந்து முடித்தால் எல் சோர்ரோ பக்கம் வந்து சேர்வீர்கள். டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது எல் சோர்ரோவில் இருங்கள். திங்கள் விடுமுறை, எட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. வாரக்கணக்கில் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். விசா கையில் வந்ததும் வாங்க வேண்டிய முதல் டிக்கெட் இது.

ரோண்டா என்ற மலையூருக்கு ஒரு நாள். 1793ல் முடிந்த புதுப் பாலம் 98 மீட்டர் பள்ளத்தின் மேல் நிற்கிறது. மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், கீழே இறங்கும் பாதையில் போய் அண்ணாந்து பாருங்கள்.

படி 9: திருவிழா நாளில் மாட்டினால்

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செமானா சாந்தா. மாலகாவில் சாமி சிலைகள் வரும் சப்பரத்துக்கு 'த்ரோனோ' என்று பெயர், சிம்மாசனம். சிலவற்றைத் தூக்க 200 பேருக்கு மேல் தோள் கொடுப்பார்கள். மணி ஒன்று அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து, இடதும் வலதுமாக மெல்ல அசைந்து வருவார்கள். புதன்கிழமை ஊர்வலத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கைதி விடுதலையாவது, 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். உட்காரும் நாற்காலிகள் குத்தகைக்குப் போயிருக்கும், குறுகிய சந்துகளில் நின்று பாருங்கள், அங்கேதான் திருப்புவதற்குப் பாடுபடுவார்கள்.

ஜூன் 23 இரவு சான் ஹுவான். கடற்கரை முழுக்கத் தீ மூட்டிப் பழந்துணிப் பொம்மைகளை எரித்து, நள்ளிரவில் கடலில் முகம் கழுவுவார்கள். ஜூலை 16 மீனவர்களின் கார்மென் மாதா நாள். சிலையைத் தோளில் சுமந்தபடியே தண்ணீருக்குள் இறங்கிப் படகில் ஏற்றிக் கடலில் ஊர்வலம் போவார்கள். எல் பாலோவில் சாயங்காலமே போய் இடம் பிடியுங்கள். ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழாவான ஃபேரியா, பகலில் நகர மையத்தில், ராத்திரி ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில்.

படி 10: சில்லறை விஷயங்கள்

கடைக்குள் நுழைந்ததும் 'புவேனாஸ்' என்று சொல்லுங்கள், சொல்லாமல் நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு. சாப்பிட்ட பில் தானாக வராது, 'லா குவென்தா' என்று கேட்க வேண்டும். உங்களை எழுப்பிவிடக்கூடாது என்ற நாகரிகம் அது. டிப்ஸ் விருப்பம்தான், சில்லறையை விட்டு வந்தால் போதும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கடற்கரை உடையோடு நகரத் தெருவில் நடக்காதீர்கள், சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

திரும்புகிற அன்று காலை அட்டராசானஸ் சந்தையில் மஸ்கத்து உலர் திராட்சை கால் கிலோவாவது வாங்குங்கள், விதையோடு இருக்கும், அதுதான் அசல். கரும்புப் பாகு பாட்டிலைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். விமான நிலையச் சோதனையில் அது திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் என்றால் எடுத்துவிடுவார்கள். இரண்டு சட்டையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.